பேசும் பொம்மைக்கு எந்த சாஃப்ட்வேர்?

(சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

"உன் தொழிலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்றார் செயலாளர் அண்ணன். என் தொழில் கொஞ்சம் வேடிக்கையானது. கம்ப்யூட்டரில் வரைந்த பொம்மைகளைப் பேச வைக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கான தமிழ்ப் பாடங்களில் ஒரு பாட்டி வருகிறாள். அவள் வாயை அசைக்கிற பொறுப்பு என்னுடையது. (முதலில் கிளியைத்தான் பேச வைக்க நினைத்தோம். அலகுக்கு ஏது உதடு? விட்டுவிட்டோம்.) கடைசி வருஷ புராஜெக்டுக்கு இதே மாதிரி செய்யப் போகிறோம், எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று தம்பிகள் சிலர் காலையிலேயே என்னைப் பிடித்துக் கொண்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

வாய் முன்னே பின்னே அசைந்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று தோன்றலாம். 1976-இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். படத்தில் உதடு 'கா' என்று அசைகிறது. காதில் விழுவதோ, 'பஸ்' என்னும்போது வருகிற அந்தப் 'பா'. பார்த்தவர்களில் பெரும்பாலோர் 'டா' என்று கேட்டதாகச் சொன்னார்கள். கண் பார்த்தது காது கேட்டதையே மாற்றிவிட்டது! காது நன்றாகக் கேட்பவர்களுக்கே இப்படி. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிற பிள்ளைக்கு? அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரில் டக்கர்-மாக்ஸன் பள்ளியில், 1990-களிலேயே பால்டி என்ற கம்ப்யூட்டர் முகத்தை வைத்துக் காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல் கற்றுக் கொடுத்தார்கள். எங்கள் பாட்டியைப் பார்க்கும் பிள்ளைகளிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அதனால்தான் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நேரக் கணக்கும் உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் சொன்ன கணக்குப்படி, ஒலி படத்தைவிட 45 மில்லி செகண்ட் முந்தினாலோ, 125 மில்லி செகண்ட் பிந்தினாலோ மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். செகண்டுக்கு 24 படம் என்றால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 42 மில்லி செகண்ட். குரல் ஒரே ஒரு ஃபிரேம் முந்தினாலே எல்லைக்கு வந்துவிட்டோம்.

இனி நம்ம தமிழுக்கு வருவோம். வாய் வரைகிறவனுக்குத் தமிழ் எழுத்து ஒரு வரப்பிரசாதம். 'பாவம்' என்று எழுதினால் செய்த பாவமா, நாட்டியத்தில் வரும் பாவமா என்று குரல் கொடுக்கும் சாஃப்ட்வேர் திணறும். உதட்டுக்கு அந்தக் கவலையே இல்லை. இரண்டுக்கும் ஒரே மூடல்தான். படம், மடம் இரண்டையும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள், உதட்டில் வித்தியாசம் தெரியாது. ழ, ள, ண எல்லாம் நாக்கு உள்ளே செய்கிற வேலை. வெளியே தெரிவது சொற்பம். ஆகவே பத்துக்குள் வாய்ப் படங்களை வைத்தே தமிழ் முழுவதும் பேசிவிடலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. "அம்மா பம்பரம் வாங்கினாங்க." இதை வாசிக்கும்போது உதடு நாலு தடவை மூடும்: ம்மா, ப, ம்ப, கடைசி ம். வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லுங்கள். கடைசி 'ம்' மூக்கில் போய்விடும், உதடு மூடாது, மூன்றே தடவைதான். மரம், பணம், வரணும், போகலாம் எல்லாமே இப்படித்தான். எழுத்தைப் பார்த்து வாயசைக்கிற சாஃப்ட்வேருக்கு இது தெரியாது. ஒவ்வொரு வார்த்தை முடிவிலும் பாட்டி வாயைப் பொத்திக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்கு, என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும், பாட்டி பாடப் புத்தகத்தை ஒப்பிக்கிற மாதிரி இருக்கும்.

அதனால் நான் எழுத்தை நம்புவதில்லை, ஒலியைக் கேட்டு வாயசைக்கிறதைத்தான் எடுப்பேன். ரூபார்ப் லிப் ஸிங்க் இலவசம். ஆறு அடிப்படை வாய்ப் படங்கள், வேண்டுமானால் இன்னும் மூன்று. அதன் வழக்கமான முறை ஆங்கிலத்துக்கானது. தமிழுக்கு அதிலேயே இருக்கும் 'ஃபொனடிக்' முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதைப் பலர் கவனிக்காமல் சாஃப்ட்வேரைத் திட்டுகிறார்கள். முப்பரிமாண முகமென்றால் என்விடியாவின் ஆடியோ-டு-ஃபேஸ். 2025-இல் அதைத் திறந்த மூலமாகவே வெளியிட்டுவிட்டார்கள். ஹைதராபாத் ஐஐஐடி-யிலிருந்து 2020-இல் வந்த வேவ்-டு-லிப் நிஜ மனிதர் வீடியோவுக்கு நல்ல கெட்டிக்காரன். ஆனால் அவர்கள் வெளியிட்ட புரோகிராமை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. லைசென்ஸைப் படியுங்கள், தம்பி!

குரலைப் பொறுத்தவரை, ஈஸ்பீக்-என்ஜி தமிழ் பேசும். இயந்திரக் குரல்தான், ஆனால் சின்னது, இலவசம், எந்த ஒலியைச் சொல்கிறது என்பதையும் எழுதித் தரும். இனிமை வேண்டுமானால் மைக்ரோசாஃப்டில் பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு இந்தியத் தமிழ்க் குரல்கள், இலங்கைத் தமிழுக்குக் குமார், சரண்யா. (வள்ளுவர் குரல் இப்படித்தான் இருந்திருக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள்.) அந்தச் சேவையில் 22 வாய் நிலைகளை நேரத்தோடு தருகிற வசதியும் உண்டு. நீங்கள் எடுக்கும் குரலுக்கு அது வருகிறதா என்று ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கேட்க இனிமையாக இருந்து நேரத்தைச் சொல்லாத குரலைவிட, சுமாராக இருந்து நேரம் சொல்கிற குரலே எனக்கு உபயோகம்.

பாட்டிக்கு மட்டும் நாங்கள் செயற்கைக் குரல் வைக்கவில்லை. ஒரு அம்மையார் பேசிப் பதிவு செய்தோம்; அந்த மூக்கொலி மனிதர்களிடம்தான் சரியாக வருகிறது. யாருடைய குரலையாவது நகல் எடுக்கிற யோசனை இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். 2024-இல் 'லால் சலாம்' படப் பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஆர். ரகுமான் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். கல்லூரி புராஜெக்டுதானே என்று வாத்தியார் குரலை எடுத்துவிடாதீர்கள். முன்வரிசையில் சிலர் சிரிக்கிறார்கள், எனக்குப் புரிகிறது.

எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் அந்தப் பம்பர வாக்கியத்தைக் கொடுங்கள், சத்தத்தை நிறுத்திவிட்டு மூடல்களை எண்ணுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் லேபில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன்; உங்கள் பொம்மைகளை அழைத்துக்கொண்டு வரலாம்.