நம் பள்ளியின் நடன வகுப்பு

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் சங்கப் பள்ளிக்கூடத்தின் கீழைக் கட்டடத்தில் உள்ள நடன அறையை இனி நீட் பரீட்சைப் பயிற்சிக்கு ஒழித்துக்கொடுத்து, அங்கே பெஞ்சுகளைத் தரையிற் பதித்துவிட வேண்டும் என்று ஒரு பிரேரணை நிருவாகக் குழுவின்முன் வந்திருக்கிறது. அதனைக் கொண்டுவந்த நண்பர்கள் கல்வியில் மிக்க அக்கறையுள்ளவர்கள். அவர்கள்பால் எனக்கு யாதொரு வருத்தமும் இல்லை. அப்பயிற்சியும் நம் பிள்ளைகட்கு வேண்டுவதே. ஆயினும், அவ்வறையில் வாரம் இருநாள் மாலை கேட்கும் தட்டுக்கழியின் ஓசை நின்றுவிடலாகாது என்று கருதுபவன் நான். அதற்குரிய காரணங்களைச் சபையின்முன் வைக்கவே எழுந்தேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் இதே அறையில் ஆறாண்டு பயின்றாள். ஒன்பதாம் வகுப்புத் தொடங்கிய அன்றே நான் அவளை நிறுத்தினேன். அவள் அழவில்லை, வாதாடவும் இல்லை. சலங்கையை ஒரு பழந்துணியிற் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டாள். பத்தாம் வகுப்பில் அவள் நல்ல மதிப்பெண் பெற்றபோது, ஆட்டத்தை நிறுத்தியதன் பலன் இது என்று நான் பலரிடமும் சொல்லித் திரிந்தேன். நிறுத்தாமல் ஆடிக்கொண்டிருந்த அவள் தோழியும் ஏறக்குறைய அதே மதிப்பெண்ணைப் பெற்றாள் என்பதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. இன்று அவள் தன் மகளை அதே வகுப்புக்கு அழைத்துவந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சென்ற தை மாதத்தில் ஒருநாள் நானும் உடன் இருந்தேன். அவள் விரல்கள் மடியின்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. "எனக்குப் பதம் ஆரம்பித்த மாதத்தில் நிறுத்திவிட்டீர்கள் அப்பா" என்றாள். இருபத்தைந்து ஆண்டுக்குப்பின் அவள் சொன்ன சொல் அதுவொன்றே. இப்பிரசங்கத்துக்கு அதுவே காரணம்.

நிற்க. இவ்வித்தை நம் வீட்டுச் சொத்தன்று என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய கச்சேரி முறையை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குசெய்தவர்கள், தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார். அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தோர் இசை வேளாளர் குலத்து நட்டுவனார்களும் ஆடல்மகளிரும் ஆவர். கலியாணத்திற் சதிர்க்கச்சேரி வைப்பதைப் பெருமையாக எண்ணியவர்களும், ஆடினவர்களை இழிவாகப் பேசியவர்களும் ஒருவரே. நம் பாட்டனார்களும் அவர்களுள் அடங்குவர். 1931-இல் சென்னை மியூசிக் அகாதெமி தன் மேடையிற் கல்யாணியின் புதல்வியரை ஆடச்செய்தது. அதற்கு முன்நின்றவர்களுள் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர் முதன்மையானவர். 1935-இல் ருக்மிணி தேவி அம்மையார் அடையாற்றிற் பலர் காண ஆடினார். 1936-இல் கலாக்ஷேத்திரம் தோன்றியது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதன் தொடக்க நாட்களில் அங்கே கற்பித்தார். 1947-இல், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுதலைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று. அச்சட்டம் வேண்டியதே. ஆயின் ஆடும் வாய்ப்பு எல்லா வீட்டுப் பெண்கட்கும் கிடைத்த அந்தக் காலத்திலேயே, அதுவரை ஆடிவந்த குடும்பத்துப் பெண்கள் பலர் மேடையை விட்டு விலகினார்கள். நம் வகுப்பின் ஆசிரியை அத்தகைய குடும்பத்தில் வந்தவர். அவருக்கு நாம் கொடுப்பது தலைக்கு இவ்வளவு என்னும் கட்டணத்திற் பங்கு. கோடை விடுமுறையில் அதுவும் இல்லை. கணக்கு ஆசிரியருக்கு அப்படிக் கொடுக்க நமக்கு மனம் வருமா?

இனி வகுப்பைப்பற்றிச் சொல்லுகிறேன். பெற்றோர்கள் என்னிடம் முதலிற் கேட்கும் கேள்வி, "அரங்கேற்றம் எப்போது?" என்பதே. பாலசரஸ்வதி அம்மையார் 1925-இல் ஏழு வயதிற் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார் என்று எடுத்துக்காட்டுவாரும் உண்டு. உண்மைதான். ஆனால் அவர் வீணை தனம்மாளின் பேத்தி, ஜயம்மாளின் மகள், கந்தப்பப் பிள்ளையின் மாணவி. காலையில் விழிப்பதும் இரவில் உறங்குவதும் இசை கேட்டபடியே நடந்த வீடு அது. நம் குழந்தைகட்கு வாரத்தில் இருநாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். பண்டிகையும் பரீட்சையும் போக ஆண்டுக்கு நாற்பது வாரம் என்று கொண்டால், ஆண்டில் 80 மணி. ஐந்தாண்டில் 400 மணி. நாள்தோறும் மூன்று மணி நேரம் பயிலும் பிள்ளை இந்த 400 மணியை ஐந்து மாதத்துக்குள் முடித்துவிடும். ஆதலின், வாரம் இருநாட் பயிற்சியை வைத்துக்கொண்டு மூன்றாண்டில் அரங்கேற்றம் கேட்பது, நாற்று நட்ட மறுவாரமே களத்தைப் பெருக்கி வைப்பது போலாகும்.

அரங்கேற்றம் இன்று ஒரு கலியாணமாகிவிட்டது. மண்டபம், பட்டு, நகை, பாடகர், மிருதங்கம், வயலின், நட்டுவாங்கம், அழைப்பிதழ், விருந்து என்று செலவு வளர்கிறது. நம் குடும்பங்களுள் ஒன்று இதற்காக நகையை அடகு வைத்ததை நான் அறிவேன். அதைக் கண்ட மற்றொரு குடும்பம், முடிவில் இவ்வளவு ஆகுமென்று அஞ்சி, நன்றாக ஆடிவந்த பெண்ணை முன்னதாகவே நிறுத்திவிட்டது. அவ்வாண்டில் அரங்கேறிய பெண்ணும் அதன்பின் ஆடவில்லை. செலவு செய்தவர் வீட்டிலும் ஆட்டம் இல்லை, செய்ய அஞ்சியவர் வீட்டிலும் ஆட்டம் இல்லை. நவராத்திரியில் நம் பள்ளி முற்றத்திலேயே, கற்ற மட்டும், ஒவ்வொரு பிள்ளையும் ஆடினாற் போதாதா? ஓர் அலாரிப்பை நேராக ஆடத் தெரிந்த பிள்ளைக்கு அதைக் காண நாலுபேர் வேண்டும்; நானூறு பேர் வேண்டுவதில்லை.

ஒருநாள் வகுப்பை வாயிலில் நின்று பாருங்கள். முன்வரிசையில் சிறு குழந்தைகள் நெருங்கி நிற்பார்கள். பின்வரிசையிற் பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் நிற்கவேண்டிய இடத்தில் பாய்விரித்துப் படுக்கலாம். "பெரியவளாகிவிட்டாள்" என்பது ஒரு காரணம். பொதுப் பரீட்சை மற்றொன்று. ஆனால் இந்த வயதில் நடப்பது என்ன? ஆறு ஏழு வயதிற் குழந்தை கற்பது தட்டடவும் நாட்டடவும். மூன்று காலத்திலும் காலைத் தட்டி, அரைமண்டியில் உட்கார்ந்து, கையை நேரே நீட்டக் கற்கிறது. அது எழுத்துக் கற்பது போன்றது. பிறகு ஜதிஸ்வரம், சப்தம் என்று சொற்கள் சேர்கின்றன. வர்ணத்திலும் பதத்திலும்தான் முகமும் கண்ணும் பொருள் சொல்லத் தொடங்குகின்றன. பிரிந்தோர் துயரத்தையும், பிள்ளையைக் காணாத தாயின் தவிப்பையும், தெய்வத்தினிடம் கொள்ளும் கோபத்தையும் ஏழு வயதுக் குழந்தை எப்படி அறியும்? சொல்லிக்கொடுத்ததைச் செய்து காட்டும்; நாமும் கைகொட்டுவோம். அக்காட்சி எனக்கு ஒருபோதும் உவப்பாக இருந்ததில்லை. பதினான்கு வயதிலோ பிள்ளைக்குத் தன்னுள்ளே ஏதோ நிகழ்வது தெரிகிறது. அதைச் சொல்ல வாய் வருவதில்லை. கை பேசவும் கண் பேசவும் கற்றிருக்கும் பிள்ளையை, பேசவேண்டிய வயது வந்ததும் நாமே வாய்மூடச் செய்கிறோம். எட்டாண்டு எழுத்துக் கற்பித்துவிட்டு, முதற் புத்தகத்தைத் திறக்கும்போது பள்ளியை விட்டு நிறுத்துகிறோம்.

தாளம் கற்றால் கணக்கு வரும், ஞாபகம் பெருகும், மதிப்பெண் கூடும் என்று சிலர் ஆட்டத்துக்கு வக்காலத்து வாங்குவர். நான் அவ்வாறு சொல்லமாட்டேன். சோறு உண்பது ஏப்பம் விடுவதற்காக அன்று.

உடலைப்பற்றியும் தாய்மார்கள் அறிந்துகொள்ள வேண்டும். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் 11, 12 வயதளவிலும், ஆண்பிள்ளைகள் 13, 14 வயதளவிலும் மிக விரைவாக உயர்கிறார்கள். எலும்பு முந்தி நீள்கிறது. தசை பிந்தியே அதற்கு இசைகிறது. ஆதலால் சென்ற ஆண்டு எளிதாக உட்கார்ந்த அரைமண்டி இவ்வாண்டு உட்காராது, முழங்கால் வலிக்கும். அதனைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். சில மாதம் பொறுத்தாற் சரியாகும். பாதத்தை மட்டும் பக்கவாட்டிற் பலவந்தமாகத் திருப்பி நிற்கச் செய்தலும் தவறு. திருப்பம் இடுப்பிலிருந்து வரவேண்டும். முழங்கால் கால்விரல்களுக்கு நேராக மடங்கவேண்டும். நம் அறையின் தரையோ சிமிட்டித் தரை. அதன்மேல் மூன்றாங்காலத்தில் தட்டும் ஒவ்வொரு தட்டின் அதிர்ச்சியும் குதிகாலுக்கும் கணைக்காலுக்கும் முழங்காலுக்குமே திரும்புகிறது. ரீப்பர்க் கட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் பலகை அடித்து, இடையிற் காற்று நிற்க விட்டால், அத்தரை சிறிது இணங்கிக் கொடுக்கும். அரங்கேற்ற மேடை அலங்காரம் ஒன்றிரண்டின் செலவில் இவ்வேலை முடியுமென்று தச்சர் கணக்குச் சொன்னார்.

மற்றொன்று சொல்லக் கூசினாலும் சொல்லியே ஆகவேண்டும். 2023-இல் சென்னைக் கலைக்கூடம் ஒன்றில் மாணவியர் தமக்கு நேர்ந்ததாகச் சொல்லிப் போராட்டத்தில் அமர்ந்ததைப் பத்திரிகைகளிற் படித்தீர்கள். நடனத்திற் கையைத் தொட்டும் தோளை நிமிர்த்தியும் திருத்த நேரும். எனவே வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருத்தல், தாழ்வாரத்திற் பெற்றோர் ஒருவர் இருத்தல், தொடுமுன் பிள்ளையைக் கேட்டல், புகார் வந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி உடனே தெரிவித்தல் ஆகியவற்றை விதியாக எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். நம் ஆசிரியையே இதனை முதலிற் கேட்டார் என்பதைச் சபை அறிக.

பையன்கள் ஆடலாமா என்று ஒரு பெரியவர் சற்றுமுன் கேட்டார். கற்பித்த நட்டுவனார்கள் யாவர்? ஆண்மக்கள் அல்லரோ! கிட்டப்பா பிள்ளையிடம் பயின்ற நர்த்தகி நடராஜ் திருநங்கையாவார்; அவருக்கு 2019-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. நம் பள்ளி எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் பயிலும் பள்ளி; ஆட வருபவர் யாராயினும் வரட்டும்.

நிருவாகக் குழுவுக்கு என் வேண்டுகோள் இதுவே. மேல்மாடியில் ஐந்து வகுப்பறைகள் மாலை நாலரை மணிக்குமேல் வெறுமனே கிடக்கின்றன. பரீட்சைப் பயிற்சியை அங்கே வைத்துக்கொள்ளலாம். விளக்கும் விசிறியும் உள்ளன. கீழறைக்குப் பலகைத் தரை போடவேண்டும். ஆசிரியைக்குப் பன்னிரண்டு மாதமும் சம்பளம் வேண்டும். ஒன்பதாம் வகுப்புமுதல் பன்னிரண்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகட்கு, பரீட்சை மாதங்களை விட்டு, சனிக்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம் தனி வகுப்பு வேண்டும். அவர்களிடம் கட்டணம் வாங்கவேண்டாம். தரைக்கு ஆகும் செலவிற் பாதியை நான் தருகிறேன். மறுபாதிக்குக் கையொப்பமிட விரும்புவோர்க்காகக் காகிதம் காரியதரிசியின் மேசையில் இருக்கிறது. என் மகள் அதில் முன்னரே கையொப்பமிட்டுவிட்டாள்.