நூறாவது தலையைக் கீழே வைக்க முடியாது

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

செஞ்சின்னு சொன்னா உங்களில் பலருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக் ரைடு ஞாபகம் வரும். திண்டிவனத்தில் திரும்பி, ராஜகிரி ஏறி, மூச்சு வாங்கி, மேலே நின்னு ஒரு செல்ஃபி. 2025 ஜூலையில் மராட்டியரோட 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இல்லையா, அதில் தமிழ்நாட்டிலிருந்து இருக்கிறது செஞ்சி மட்டும்தான்.

ஆனா இன்னைக்கு நான் கல்லைப் பத்திப் பேச வரலை. கதையைப் பத்தி. ரெண்டு வருஷமா குழந்தைகளுக்கு ஒரு ஃபேண்டஸி நாவல் எழுதிட்டிருக்கேன். கதை நடக்கிற இடம் செஞ்சி. அதில் நான் எங்கே மாட்டிக்கிட்டேன்னு சொல்றேன்.

செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரின்னு ஓர் ஊர். அங்கே இருக்கிற திரௌபதி அம்மன் கோயில் ரொம்பப் பழசு, பெயர் பெற்றது. இந்த வட்டாரத்தில் சொல்ற கதைப்படி, பாரதப் போர் முடிஞ்ச பிறகும் திரௌபதி இங்கே வர்றா. செஞ்சியை ஆண்ட ஒரு ராஜாவை நூறு தலை அசுரன்கிட்டேயிருந்து காப்பாத்த வர்றா. தொண்ணூத்தி ஒன்பது தலையை வெட்டியாச்சு. நூறாவதில்தான் சிக்கல். அந்தத் தலையை யார் தரையில் விழ வைக்கிறாங்களோ, அவங்க உயிர் போயிடும். அது அசுரன் வாங்கின வரம். அதனால திரௌபதி வெட்டுறா, போத்துராஜா அதைக் கையில் வாங்கிக்கிறார்.

இந்தப் பக்கத்துத் திரௌபதி கோயில்களில் போத்துராஜா சிலையைப் பாருங்க. ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் தலை. இன்னமும் பிடிச்சுக்கிட்டே நிக்கிறார்.

இதைக் கேட்டதும் எனக்குத் தோணினது, ஃபேண்டஸிக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கேன்னுதான். மாயம் இருக்கு, அதுக்கு ஒரு விதி இருக்கு, அந்த விதிக்கு யாரோ ஒருத்தர் விலை கொடுக்கிறாங்க. 1947-ல் தொடங்கின அம்புலிமாமாவில் தலைமுறை தலைமுறையா படிச்ச விக்கிரமாதித்தன் வேதாளம் கதையும் இப்படித்தான். பதில் தெரிஞ்சும் சொல்லலைன்னா தலை வெடிக்கும். சொன்னா, மௌனம் கலைஞ்சு வேதாளம் மரத்துக்குத் திரும்பிடும். ஹாரி பாட்டர்ல அந்தப் பையனைக் காப்பாத்தின மாயத்துக்கு விலை, அவன் அம்மாவோட உயிர்.

இப்ப நாம நாட்டார் கதைகளைக் குழந்தைகளுக்குக் கொண்டுபோகும்போது என்ன செய்றோம்? அசுரனை எடுத்துக்கிறோம், பறக்கும் குதிரையை எடுத்துக்கிறோம். விலையை மட்டும் விட்டுடுறோம். 'பாவம், பயப்படுவாங்க'ன்னு. நானும் அதைத்தான் செஞ்சேன்.

என் நாவலின் மையம் தேசிங்கு ராஜா. வரலாற்றில் அவர் பேர் தேஜ் சிங். 1714-ல் அப்பா சரூப் சிங் இறந்ததும் செஞ்சிக் கோட்டையைத் தன் கையில் எடுத்துக்கிறார். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானுக்குப் பணிய மறுக்கிறார். அதே வருஷம் அக்டோபரில் போரில் சாகிறார். வயசு சுமார் 22. அவ்வளவுதான் வரலாறு. ஆனா மக்கள் அதை அங்கே விடலை. யாராலும் அடக்க முடியாத தெய்வீகக் குதிரையைச் சின்னப் பையன் அடக்கினதா பாடினாங்க. கல்யாணக் கோலத்தில் இருந்த முஸ்லிம் நண்பன் மோவுத்துக்காரன், சேதி வந்ததும் போருக்கு ஓடி வந்ததா பாடினாங்க. 'பெரிய எழுத்து' புத்தகமா அச்சடிச்சு சந்தையில் வித்தாங்க. ஒருத்தர் சத்தமா ராகம் போட்டுப் படிக்க, சுத்தி உக்கார்ந்து மத்தவங்க கேப்பாங்க. அந்தக் காலத்துப் பாட்காஸ்ட்னு வெச்சுக்கோங்களேன்!

என் முதல் வடிவத்தில் குதிரை இருந்தது, நண்பன் இருந்தான், போர் இருந்தது. அக்கா பொண்ணுக்கு ஒன்பது வயசு. அவளைக் கூட்டிட்டுக் கோட்டைக்குப் போயிருந்தேன். செட்டிக்குளத்துக் கரையில் ஒரு மேடை இருக்கு. தேசிங்கைத் தகனம் செஞ்ச இடம்னு சொல்வாங்க. அங்கே உக்கார்ந்து கதையைச் சொல்லி முடிச்சேன். அவ கேட்டா:

"சித்தி, ராணி என்ன ஆனாங்க?"

எனக்குப் பதில் வரலை. ஏன்னா, ராணி அதே நெருப்பில் இறங்கினாங்கன்னுதான் கதை சொல்லுது. அவங்க நினைவாத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பேர்னும் சொல்வாங்க. 2019-லிருந்து அது ஒரு மாவட்டத்தின் பேரும்கூட. நான் அவங்களை என் நாவலிலிருந்தே எடுத்திருந்தேன். உடன்கட்டையைக் குழந்தைகள் புத்தகத்தில் எப்படி எழுதுறது? பழைய பாட்டு மாதிரி அதைப் பெருமையா எழுத என்னால முடியாது. அதுக்காக ராணியே இல்லைன்னு ஆக்கிட்டா, ரெண்டாவது தடவையும் அவங்களை இல்லாம ஆக்கினது நானாகிடுவேன்.

வீட்டுக்கு வந்து திரும்ப எழுதினேன். இப்ப ராணிக்குன்னு ஓர் அத்தியாயம் இருக்கு. அதில் அவங்க பேசுறாங்க, கோபப்படுறாங்க, நவாப்கிட்டே சமாதானம் பேசலாம்னு சொல்றாங்க. அது என் கற்பனை. நெருப்பு ஒரே ஒரு வரியில் வருது. புகழ்ச்சி இல்லை, தெய்வமாக்கலை. அந்த ஊர்ப் பெண்கள் அன்னைக்கு ராத்திரி விளக்கு ஏத்தலைன்னு முடியுது.

அக்கா பொண்ணு படிச்சா. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "யாராவது தடுத்திருக்கணும் சித்தி"ன்னா. அழலை. கோபமா இருந்தா. நான் பயந்த மாதிரி அவ தூக்கம் கெடலை. மறுநாள் காலையில் வந்து, "அந்தப் போத்துராஜாவுக்குக் கை வலிக்காதா?"ன்னு கேட்டா. அடுத்த அத்தியாயம் அதுதான், எழுதிட்டிருக்கேன்.

உங்க வீட்டிலும் பாட்டியோ பெரியம்மாவோ ஒரு கதை வெச்சிருப்பாங்க. இந்த வாரம் கேட்டுப் பாருங்க. யார் ஜெயிச்சாங்கன்னு மட்டும் கேக்காதீங்க. யார் எதை இழந்தாங்கன்னும் கேளுங்க. கேட்டதை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.