வீட்டுக்கு ஒரே சமையல்

உடல் எடை கூடுவது தமிழ்நாட்டில் இன்று பணக்கார வீடுகளோடு நின்றுவிட்ட சங்கதி இல்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2015-16இல் நடந்தபோது, தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்களாக இருந்தார்கள். அடுத்த கணக்கெடுப்பு 2019-21இல் நடந்தபோது அது 40.4 ஆகிவிட்டது. ஆண்களில் 28.2 ஆக இருந்தது 37 ஆனது. சர்க்கரை நோயும் இதோடு கைகோத்து வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய், 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வாசற்படியில் என்று அது சொன்னது.

காரணத்தை வெகுதூரம் போய்த் தேட வேண்டியதில்லை. சென்னைப் புறநகரான ஊரப்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே, ஏரியும் வயலுமாக இருந்த ஊர் இது. இன்று தெருவுக்குத் தெரு அடுக்குமாடி. பக்கத்திலேயே, 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம். இங்கிருந்து கிண்டிக்கும் பாரிமுனைக்கும் மின்சார ரயிலில் போகிறவர்கள், மறைமலைநகருக்கும் மகேந்திரா சிட்டிக்கும் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள், பகல் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு இரவு எட்டரைக்கு வீடு திரும்புகிறார்கள். ஏர் ஓட்டியவரும் நாற்று நட்டவரும் சாப்பிட்ட சோற்றளவு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தட்டிலும் அப்படியே இருக்கிறது. வேலை மாறிவிட்டது, கரண்டிக் கணக்கு மாறவில்லை.

முதலில் அளந்து பார்க்க வேண்டும். கிலோ கணக்கிலான எடையை, மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது உடல் நிறை எண். இந்தியர்களுக்கு அது 23ஐத் தொட்டாலே எடை கூடுதல். 25ஐத் தொட்டால் உடல் பருமன். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு ஏறக்குறைய 63 கிலோ முதல் எல்லை, 68 கிலோ இரண்டாம் எல்லை. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அவை 55, 60. இதைவிட எளிய அளவு தையல்காரர் டேப். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கை கால் மெலிந்து தொப்பை மட்டும் முன்னே நிற்கும் உடல்வாகு நம் பக்கத்தில் ஏராளம். எடை இயந்திரம் அதை மறைத்தாலும் டேப் காட்டிக்கொடுத்துவிடும்.

அளந்தபின் தட்டைப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் உணவை அறிவியலாகப் படித்ததில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1918இல் குன்னூரில் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு ஆய்வுக்கூடம் அமைத்தார். தவிட்டை நீக்கித் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களைப் பிடித்த நோய் பெரிபெரி. அந்த ஆய்வுக்கூடம் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. 2024இல் அது வெளியிட்ட வழிகாட்டி, நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு வகுத்த அளவு இது: தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், எண்ணெயும் நெய்யும் சேர்ந்து 27 கிராம். இவற்றோடு கொஞ்சம் கொட்டைகள், பால் அல்லது தயிர். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய அளவு. எடை குறைப்பவர் இந்தத் தட்டின் விகிதத்தை வைத்துக்கொண்டு மொத்தத்தைச் சுருக்கினால் போதும்.

நம் வீட்டுத் தட்டு இதிலிருந்து எங்கே விலகுகிறது? சென்னையில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், நகரவாசிகள் சாப்பிடும் கலோரியில் கிட்டத்தட்ட பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதிலும் பெரும்பாலும் வெள்ளைச் சோற்றிலிருந்து வருவது தெரிந்தது. பருப்பின் கதை நேர் எதிர். ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு கிடைக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் அதை மட்டும் நம்பினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டுக் கிராம். வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சோறு வயிற்றை நிரப்புகிறது. பசியை நெடுநேரம் அடக்கி வைக்கும் புரதம் குறைகிறது. இரண்டு மணி நேரத்தில் கை பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறது. கூட்டு, சுண்டல், பாசிப்பயறு, கொள்ளு ரசம், முட்டை, மத்தி மீன் குழம்பு ஆகியவை இந்தக் குறையைத் தீர்க்கும். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி இருந்தாலும், கொள்ளு கொழுப்பைக் கரைப்பதில்லை. அதிலுள்ள புரதமும் நார்ச்சத்தும் பசியைத் தள்ளிப்போடுகின்றன. அவ்வளவுதான், அதுவே போதும்.

சிறுதானியத்தைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். நூறு கிராம் அரிசியிலும் நூறு கிராம் கேழ்வரகிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நாரும் மிகுதி. அதற்காகச் சாப்பிடுவது நல்லது. ஆனால் நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, வெல்லம் போட்டுப் பெரிய டம்ளரில் குடித்தால் எடையும் குறையாது, சர்க்கரையும் இறங்காது. கம்பு தோசை என்று பெயர் வைத்தாலும், ஊற்றிய எண்ணெய் எண்ணெய்தான்.

அந்த எண்ணெய்க்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. வழிகாட்டியின்படி பார்த்தால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நெய் உட்பட மாதம் மூன்றரை லிட்டர்தான் உச்சவரம்பு. மாதக் கடைசியில் காலி பாக்கெட்டை எண்ணினால் உண்மை தெரிந்துவிடும். தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுவது, வறுவலை வாரத்தில் இரண்டு நாளோடு நிறுத்துவது, மற்ற நாளில் பொரியலும் கூட்டும் செய்வது ஆகிய மூன்றும் எந்தச் சமையலறையிலும் நாளைக்கே நடக்கக் கூடியவை.

ஒரு நாளின் ஒழுங்கைப் பார்ப்போம். காலையில் மூன்று இட்லி தவறே இல்லை. சட்னி மட்டும் வைத்துக்கொள்ளாமல் காய் போட்ட சாம்பாரும் சேர வேண்டும். ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் கட்டும் மதியச் சாப்பாட்டில்தான் பெரிய கோளாறு. புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும், தக்காளி சாதமும் சிப்ஸும் என்று டப்பா முழுக்க மாவுச்சத்தும் எண்ணெயுமாகப் போகிறது. இரண்டு டப்பா எடுத்து ஒன்றில் சோறு, அதே அளவுள்ள மற்றொன்றில் முழுக்கக் காய் என்று வைத்தால் அளவு தானாகவே சரியாகிவிடும். மாலையில் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் பஜ்ஜி, வடை, சமோசா. பையில் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையோ சுண்டலோ இருந்தால் அந்தக் கடையைத் தாண்டிப்போக முடியும். இரவில் வீடு சேரும்போது பசி உச்சத்தில் இருக்கும். ஒன்பதரைக்கு முறுகலாக நாலு தோசை, பத்தரைக்குப் படுக்கை என்பது இந்தப் புறநகரின் பொது வழக்கம். வந்தவுடன் ஒரு கிண்ணம் காயோ மோரோ எடுத்துக்கொண்டு, பிறகு அளவாகச் சாப்பிட்டு, தெருமுனை வரை காலாற நடந்துவிட்டு வருவது அதைவிட மேல்.

இந்தச் சின்ன மாற்றங்களால் என்ன கிடைக்கும்? கூட்டிப் பார்க்கலாம். நாளைக்கு நாலு காபி, டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்பதை ஒரு ஸ்பூன் ஆக்கினால் 80 கலோரி மிச்சம். மதியமும் இரவும் நூறு நூறு கிராம் வெந்த சோற்றைக் குறைத்தால் 260. எண்ணெயில் ஒரு ஸ்பூன் குறைந்தால் 40. மொத்தம் 380. அந்த இடத்தில் சேரும் காய்கறிக்கு 80ஐக் கழித்தாலும் 300 நிற்கும். முப்பது நாளைக்கு 9000. உடலில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7700 கலோரி. கணக்கின்படி மாதம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். உடல் இளைக்க இளைக்க அதன் செலவும் குறைவதால் போகப்போக வேகம் தணியும். சில வாரம் முள் நகராமலே நிற்கும். அதைப் பார்த்துப் பட்டினி கிடப்பவர்கள் அடுத்த மாதமே இரட்டிப்பாகச் சாப்பிட்டுவிடுகிறார்கள்.

இத்தனையும் நிலைப்பது குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஒருவருக்குத் தனியாக ஓட்ஸும் சாலடும், மற்றவர்களுக்கு வழக்கமான சமையல் என்று தொடங்கும் ஏற்பாடு பெரும்பாலும் மாதக் கணக்கில் தாங்குவதில்லை. இரண்டு சமையல் செய்யும் சுமை சமைப்பவர் தலையில் விழுகிறது. பல வீடுகளில் அவரே வேலைக்கும் போகிறவர். எடை குறைக்க வேண்டியவரும் பல சமயம் அவரேதான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்து, பிள்ளை மிச்சம் வைத்த தோசையையும் வீணாகக் கூடாதே என்று குழம்புச் சட்டியில் பிசைந்த சோற்றையும் சாப்பிடும் தாய்மார்களுக்கு அளவு என்பதே கிடையாது. ஆகவே சட்டி ஒன்றாகவே இருக்கட்டும். தட்டில் விகிதம் மாறட்டும். அதே சாம்பார், அதே கூட்டு, அதே ரசம். இளைக்க வேண்டியவருக்குச் சோறு குறைந்து காய் கூடும். வளரும் பிள்ளைக்குச் சோறும் முட்டையும் கூடும். பெரியவர்களுக்குக் குழைவாகப் பருப்பு கூடும். உலையில் வைக்கும் அரிசியே அரை ஆழாக்கு குறைந்தால் மிச்சமும் குறையும்.

உபசரிப்பும் கொஞ்சம் மாற வேண்டும். வேண்டாம் என்று கை மறித்த பிறகும் இன்னொரு கரண்டி வைப்பது அன்பின் அடையாளமாகவே நம் வீடுகளில் வளர்ந்துவிட்டது. அந்த இரண்டாம் கரண்டி பொரியலாக இருந்துவிட்டால் அன்பும் குறையாது, அளவும் கெடாது. பிள்ளைகளைக் குண்டு என்று பட்டப்பெயர் வைத்து அழைப்பது எடையைக் குறைக்காது. ஒளித்துத் தின்னும் பழக்கத்தைத்தான் வளர்க்கும். விருந்து, கல்யாணம், தீபாவளி எல்லாம் வரத்தான் செய்யும். வருடத்தில் இருபது நாள் விருந்து கெடுக்காததை, தினமும் தின்னும் மிக்சர் கெடுக்கிறது. கிருத்திகை, ஏகாதசி என்று ஒருபொழுது இருப்பவர்கள் இரவுப் பலகாரத்தில் உப்புமாவும் வடையும் அடையுமாக அடுக்கினால், விரதத்தின் புண்ணியம் மிஞ்சலாம், கலோரி மிச்சமாகாது.

உணவோடு நடையும் சேர வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேர விறுவிறு நடை. சென்னையிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் நடந்த நகர்ப்புற ஆய்வு ஒன்றில் திருமங்கலம் ஆசியாட் காலனி மக்களும் இடம்பெற்றார்கள். உடற்பயிற்சியின் தேவையை ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னதும், காலனிக்காரர்கள் தாங்களே பணம் திரட்டிப் பூங்கா ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் வாரம் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 விழுக்காடு, சில ஆண்டு கழித்துப் பார்த்தபோது 58.7. அறிவுரை கேட்டவர்களுக்கு நடக்க இடம் இருந்தது, அதனால் நடந்தார்கள். அரசும் 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையோடு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் தினசரி நடை என்பது வீட்டு வாசலில் தொடங்குவது. தெருவிளக்கு எரிய வேண்டும், நாய்த் தொல்லை இருக்கக் கூடாது, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. இவை தனி மனிதர் செய்ய முடியாதவை. குடியிருப்போர் நலச் சங்கமும் ஊராட்சியும் செய்ய வேண்டியவை.

எடை அதிகம் இறங்காவிட்டாலும் உழைப்பு வீணாவதில்லை. மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 இந்தியர்களை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. அவர்கள் எடை பெரிதாக மாறாதபோதே கிடைத்த பலன் இது.

எச்சரிக்கையும் உண்டு. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரலாம்; மருத்துவரிடம் கேட்டு மருந்தளவைச் சரிசெய்துகொண்டே குறைக்க வேண்டும். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் எடை குறைப்பில் இறங்கக் கூடாது. வளரும் பிள்ளைகளின் உணவை மருத்துவர் சொல்லாமல் குறைக்கக் கூடாது. காரணமில்லாமல் தானாக எடை இறங்கினால் அது மகிழ்ச்சிக்குரியதல்ல, பரிசோதனைக்குரியது. 2025இல் இந்தியாவுக்கு வந்த புதிய எடைக்குறைப்பு ஊசிகள் உடல் பருமன் முற்றியவர்களுக்குப் பயன்படுகின்றன. அவையும் மருத்துவர் கண்காணிப்பில்தான். ஊசி போட்டவருக்கும் புரதமும் காயும் நடையும் வேண்டும். நிறுத்தினால் போன எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுவதால், வீட்டுப் பழக்கம் மாறாமல் ஊசி மட்டும் காப்பாற்றாது.

ஆக, ஒரு குடும்பம் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டியவை ஐந்து: மாதத்துக்கு எத்தனை பாக்கெட் எண்ணெய், வாரத்துக்கு எத்தனை கிலோ காயும் பயறும், இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, யார் யாரோடு நடப்பது, வாரத்தில் எந்த நாள் காலை எடை பார்ப்பது. இவற்றை இளைக்க வேண்டியவர் மட்டும் முடிவு செய்தால் விரதமாக நின்றுவிடும். வீடே முடிவு செய்தால் வழக்கமாகிவிடும்.