சாரலில் நின்ற மின்கார்



குற்றாலத்தில் சாரல் விழுந்தா நமக்குக் கொண்டாட்டம். பழைய மின்காருக்கு அதுதான் பரீட்சை. தென்காசியில் ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார், ரெண்டு நாள் ஈரத்தில் நின்றபின் 'இன்சுலேஷன் பழுது' என்று காட்டிக் கிளம்ப மறுத்தது. "பேட்டரி போச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். லட்சக்கணக்கில் செலவு.

2001-ல் வந்த ரேவா காரில் 48 வோல்ட்தான். 2020-ல் வந்த நெக்ஸான் மின்காரில் 320 வோல்ட். இந்த மின்சாரம் கார் பாடியைத் தொடவே கூடாது. இன்சுலேஷன், வோல்டுக்கு 500 ஓம் என்பது பொதுவான அளவு. 320 வோல்டுக்கு 1,60,000 ஓம். ஈரம் புகுந்தால் இது குறையும். ரொம்பக் குறைந்தால் கார் எச்சரிக்கும், கிளம்ப மறுக்கவும் செய்யலாம். நம் உயிருக்கு அது காவல்.

முதலில் காரை அணைத்து, 12 வோல்ட் பேட்டரி இணைப்பையும் சர்வீஸ் பிளக்கையும் கழற்றினோம். கையேடு சொன்ன நேரம் காத்திருந்தோம். 1000 வோல்ட் கையுறை போட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைத்தோம். அப்போதும் பேட்டரிப் பெட்டிக்குள் மின்சாரம் இருக்கும், மறந்துடாதீங்க!

பிறகு ஒவ்வொரு பாகமாகப் பிரித்து அளந்தோம். பேட்டரி நல்லா இருந்தது. ஏசி கம்ப்ரசர் கனெக்டரில்தான் ஈரமும் பச்சைக் களிம்பும். அதை மாற்றியதும் கார் ஓடியது.

தம்பி தங்கைகளே, இனி நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் இந்தக் கார்கள் வரும். முறையாக அளக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால், வாங்கியவர் பணமும் மெக்கானிக் உயிரும் தப்பும். கத்துக்க வாங்க, சொல்லித்தர நான் தயார்.