சர்க்கரையும் ஆர்க்கிட் விதையும்

அஸ்ஸாமில் குடியேறியுள்ள நம்மவர், சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் பிஹு விழாவில் அந்நாட்டு மகளிர் கொண்டையில் சூடும் ‘கொபௌ’ மலரைக் கண்டிருப்பர். மரக்கிளையைப் பற்றி வளரும் ஆர்க்கிட் இனம் அது. ஆர்க்கிட் மலரை விரும்பாதார் இலர். எனினும், அதனை விதையிட்டு வளர்க்க முற்பட்டோர் நெடுங்காலம் தோல்வியே கண்டனர்.

காரணம் விதையிலேயே உள்ளது. நெல்லுக்கும் தேங்காய்க்கும் முளை வளரத் தேவையான உணவைக் கட்டுச்சோறு போல் உள்ளே வைத்து அனுப்புகிறது இயற்கை. ஆர்க்கிட்டுக்கு அது இல்லை. ஒரு காயில் லட்சக்கணக்கான விதைகள் இருக்கலாம். ஒவ்வொன்றும் வெறும் தூசி. காட்டில் ஒருவகைப் பூஞ்சை உட்புகுந்து ஊட்டினாலன்றி அவை வளர்வதில்லை. பூஞ்சையின் இப்பணியை 1899-இல் கண்டறிந்தவர் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார்.

பூஞ்சை தருவது எதுவோ, அதனை நாமே தந்தால் என்ன? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயிஸ் நட்ஸன், உப்புச் சத்துக்களும் சர்க்கரையும் கலந்த அகர்க் கூழில், பூஞ்சையின் துணையின்றியே விதைகளை முளைக்கச் செய்து 1922-இல் அறிவித்தார். 1946-இல் அவர் வெளியிட்ட கலவையில் லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை. நாம் காப்பியில் இடும் கரும்புச் சர்க்கரைதான்!

ஆனால் எல்லா இனிப்பும் ஒன்றாகா. குளுகோஸும் பிரக்டோஸும் உதவுகின்றன. காலக்டோஸோ இளநாற்றுக்கு நஞ்சாகிறது. பூஞ்சைகளில் உள்ள டிரிஹாலோஸை நாற்றுகள் ஏற்கின்றன. மானிடால் என்னும் சர்க்கரை ஆல்கஹாலும் பூஞ்சைகளில் உள்ளதே. (பெயரைக் கேட்டு மது என்று அஞ்ச வேண்டா.) ஆயினும் சில ஆர்க்கிட் இனங்கள் அதனை உண்கின்றன, சில தீண்டுவதில்லை. தீண்டாத இனங்களில் அது ஆய்வாளருக்கு உரைகல்லாகிறது. சர்க்கரை உதவுவது உணவாகியா, கரைசலின் செறிவைக் கூட்டியா என்ற ஐயம் எழுந்தால், அதே செறிவுக்கு மானிடாலை இட்டுப் பார்க்கலாம். சர்க்கரையில் வளர்ந்த விதை அதில் வளராவிடின், உணவே காரணம் எனத் துணியலாம்.

சர்க்கரைக் கூழ் பூசணத்துக்கும் விருந்தன்றோ? ஆகவே கூழை அழுத்த நீராவியில் வேகவைத்து, விதையைப் பிளீச்சிங் பவுடர் நீரில் கழுவிய பின்னரே விதைக்க வேண்டும். இதில் சோம்பினால் சில நாட்களில் புட்டி பாழ்.

1850-இல் காசி மலையில் ஜோசப் ஹூக்கர் நீல வாண்டாச் செடிகளை ஏழு ஆள் சுமை திரட்டினார். இங்கிலாந்துக்கு உயிருடன் சென்று சேர்ந்தவை மிகச் சில. இன்று ஒரே காயிலிருந்து ஆயிரக்கணக்கான நாற்றுகளைப் புட்டியிலேயே பெறலாம். ஆனால் புட்டி நாற்று பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். காட்டில் பறித்த முதிர்ந்த செடியோ அடுத்த பருவத்திலேயே பூக்கக்கூடும். மரமேறிப் பிடுங்குவோர் இன்னும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.