இஸ்தோப்பில் சார்ஜ் போடலாமா?
(புல்மோட்டைக் கூட்டத்தில் பேசியது)



இங்கே புல்மோட்டையில் மணல் முற்றம் உண்டு. மின்சார ஸ்கூட்டரை வீட்டுக்கு எட்ட நிறுத்திச் சார்ஜ் போடலாம். நம்ம லயத்தில் அப்படியா? காம்பராவுக்கு வாசல் ஒன்று. வண்டி நிற்பதும் அந்த வாசலில்தான்.

2022 மார்ச்சில் தமிழ்நாட்டு வேலூரில், இரவு வண்டிக்குச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கிய தகப்பனும் பள்ளிக்கூடம் போகிற மகளும் புகையில் மூச்சுமுட்டி இறந்தார்கள். லித்தியம் பேட்டரி பற்றினால் நச்சுப்புகை வரும். அணைந்த பிறகும் மறுபடி பற்றக்கூடும்.

பெட்ரோல் செலவு மிச்சம், சரிதான். வண்டி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. தூங்கும்போது சார்ஜ் போடாதீங்க. ஓடி வந்த சூடு ஆறட்டும். வண்டியோடு வந்த சார்ஜரையே பாவியுங்க. புகை வந்தால் வண்டியை விடுங்க; பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்க.