பஞ்சுப் போர்வையும் சரித்திரமும்

உத்தியோக நிமித்தம் டில்லிக்கு வந்து சேரும் தமிழர் முதன்முதலில் வாங்க நேரும் வடநாட்டுப் பொருள் ரஜாய் என்றே சொல்லலாம். தீபாவளி கழிந்து சில வாரங்களுக்குள் ஊரிலிருந்து கொண்டுவந்த போர்வை பயனற்றுப் போகிறது. மார்கழி, தை மாதத்து இரவுகளைக் கடப்பதற்கு, இரண்டு துணிகளுக்கு நடுவே மூன்று நான்கு கிலோ பருத்திப் பஞ்சைப் பரப்பி, அது இடம் பெயராதபடி நெடுக்கிலும் குறுக்கிலும் தையலோட்டிய அந்தக் கனத்த போர்வையே துணை. இதற்குத் தமிழில் பெயர் என்ன என்று கேட்டால் சற்றே தயங்க வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் ‘பஞ்சுப் போர்வை’ என்றும் ‘மெத்தைப் போர்வை’ என்றும் எழுதிப் பார்த்ததுண்டு. படிப்பவர்களோ, “ரஜாய்தானே?” என்று திருப்பிக் கேட்டுவிடுகிறார்கள். குளிர் இல்லாத நாட்டில் அதற்குரிய சொல்லும் பிறக்கவில்லை போலும்.

குளிர்காலம் நெருங்கும்போது டில்லித் தெருக்களில் பஞ்சு கொட்டுபவர்கள் வருவது நெடுநாள் வழக்கம். துனியா என்று இந்தியில் அவர்களைச் சொல்வார்கள். தோளில் ஆளுயர வில் ஒன்று. அதன் நாணைச் சிறு கட்டையால் தட்டினால் வீணையின் மந்தர நரம்பைப் போல ஓர் அதிர்வு எழும்பும். சென்ற ஆண்டின் ரஜாயைப் பிரித்து, கட்டிதட்டிப் போன பஞ்சை அந்த நாணின் அதிர்வில் விட்டால், அது நுரையாகப் பொங்கி எழும். உறையைத் துவைத்து, பஞ்சை மீண்டும் பரப்பித் தைத்துவிட்டால் பழைய போர்வை புதியதாகிவிடும். இப்பொழுது பெரும்பாலும் கடைகளில் மின்சார இயந்திரமே இவ்வேலையைச் செய்கிறது. வில்லின் ஓசை அருகிவிட்டது. ராஜஸ்தானத்து ஞானி தாது தயாள் இந்தப் பஞ்சு கொட்டும் தொழிலைச் செய்தவர் என்று மரபு கூறும். கபீர் நெய்தார், தாது பஞ்சு கொட்டினார். வடநாட்டுப் பக்தி இயக்கத்தில் துணிக்குள்ள பங்கு தனியே ஆராயத்தக்கது.

இவ்வாறு பிரித்துப் பிரித்துச் சேர்க்கும் இயல்பே ரஜாயின் உயர்வு. சரித்திரம் எழுத வருபவருக்கு அதுவே இடையூறாகவும் அமைகிறது. ஒரு கோட்டையோ நாணயமோ அப்படியே கிடக்கும். நன்றாக உழைத்த போர்வையோ நைந்து, கந்தையாகி, கரித்துணியாகி மறைந்துவிடும். போர்வைகளில் எது நமக்கு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் யாரும் போர்த்திக்கொள்ளாததே மிஞ்சியிருக்கிறது.

டில்லியின் அண்மைக்காலச் சரித்திரத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1947-ஆம் ஆண்டு தேசப் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் இந்நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கிங்ஸ்வே முகாமிலும், நடைபாதைகளிலும், இடிந்த கட்டடங்களிலும் அவர்கள் தங்கினார்கள். புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்திலும், பாகிஸ்தானுக்குப் போகக் காத்திருந்த முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். கலவரம் சிறிது தணிந்த வேளையில் குளிர் எதிர்ப்பட்டது. அந்த அக்டோபர் மாதத்தில் பிர்லா மாளிகைப் பிரார்த்தனைக் கூட்டங்களில் மகாத்மா காந்தி மக்களிடம் கேட்டது கம்பளிகளும் ரஜாய்களும். திறந்த வெளியில் படுப்பவர்களின் பஞ்சுப் போர்வை பனியில் நனைந்துவிடுமே என்ற கேள்விக்கும் அவர் விடை சொன்னார்: மேலே பழைய செய்தித்தாள்களை விரித்துக்கொண்டால் பனி உள்ளே இறங்காது. ரஜாயைப் பிரித்து, துணியைத் துவைத்து, பஞ்சைக் கையால் கொட்டி மறுபடியும் அடைத்துக்கொள்ளலாம் என்பதையும் அவர் ஒரு சிறப்பாக எடுத்துக் காட்டினார்.

சுதந்திரம் வந்து மூன்று மாதங்கூட நிறையாத காலம். தேசத்தின் தந்தை எனப் போற்றப்பட்டவர் செய்தித்தாளைப் போர்வைமீது விரிப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரசியல் நூல்களில் பிரிவினையைப் பற்றிய அத்தியாயங்களை எத்தனையோ படித்திருக்கிறோம். அந்த ஆண்டின் துயரத்தை இந்தச் சிறு யோசனையைப் போல் நமக்கு அருகே கொண்டுவந்தவை சிலவே. அடுத்த மாதம், 1947 நவம்பர் 12-ஆம் தேதி, தீபாவளியன்று, குருக்ஷேத்திர முகாமிலிருந்த அகதிகளுக்காக அவர் டில்லி ஒலிபரப்பு மாளிகைக்கு வந்து பேசினார். அவர் அம்மாளிகைக்கு வந்தது அந்த ஒரு முறைதான். அவ்வாண்டு முகாம்களில் விநியோகமான ரஜாய்கள் எல்லாம் எங்கே? உழைத்துத் தீர்ந்தன. இரண்டு மூன்று குளிர்காலங்களில் அவற்றின் பஞ்சு தலையணைக்குப் போயிருக்கும். துணி குழந்தையின் அடித்துணியாகியிருக்கும்.

இனி, மிஞ்சிய போர்வைகளைக் காண்போம். வங்காளத்தில் ஹூக்ளிக்கருகே சப்தகிராமம் என்ற பழைய துறைமுகம் இருந்தது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் போர்த்துகீசிய வணிகர்களுக்காக அப்பகுதிக் கைவினைஞர்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் மஞ்சள் நிற டஸர் பட்டு நூலால் சங்கிலித் தையலிட்டுப் பெரும் போர்வைகளைச் செய்தார்கள். அவற்றைப் போர்த்துகீசியர் ‘கோல்ச்சா’ என்றனர். கப்பல்கள், வேட்டை, விவிலியத்துச் சாலமோன் மன்னரின் தீர்ப்பு ஆகிய சித்திரங்கள் எல்லாம் அவற்றில் உண்டு. சாலமோனைக் கேள்விப்பட்டிராத கைகள் அவரைத் தைத்திருக்கின்றன! 1632-இல் ஷாஜகானின் படை ஹூக்ளியைக் கைப்பற்றியது. ஆற்றில் மணல் தூர்ந்து சப்தகிராமமும் மங்கியது. அப்போர்வைகளை இன்று லிஸ்பன், லண்டன், பாஸ்டன் நகரங்களின் காட்சிச்சாலைகளில் காணலாம்.

சோழமண்டலக் கரைக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏற்றிய சீட்டித் துணிகள் இக்கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. அங்குள்ள சீமாட்டிகள் அவற்றை மெத்தென்று தைத்துப் படுக்கையில் விரித்தார்கள். உள்நாட்டு நெசவாளர் கூக்குரலிடவே, பிரான்ஸ் 1686-இலும், இங்கிலாந்து 1701-இலும் பின்னர் 1721-இல் மேலும் கடுமையாகவும் தடைவிதித்தன. இங்கிலாந்தின் வடபகுதியில் லெவன்ஸ் ஹால் என்னும் மாளிகையில் இந்தியச் சீட்டித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை ஒன்று பாதுகாக்கப்படுகிறது. 1708-ஐ ஒட்டிய காலத்தது என்று கருதப்படும் அதுவே, அந்நாட்டில் எஞ்சியுள்ள ஒட்டுப்போட்ட போர்வைகளில் மிகப் பழையதாகக் கூறப்படுகிறது. கத்தரித்து விழுந்த துண்டையும் வீணாக்காத அளவுக்கு நம் சீட்டிக்கு மதிப்பு இருந்தது என்று பெருமை கொள்ளலாம். ஆயினும் அதை வரைந்த ஓவியரின் பெயரோ ஊரோ எவருக்கும் தெரியாது.

பெயர் தெரிந்த ஒருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ‘கந்தை’ என்ற சொல்லோடு உறவுடைய வடமொழிச் சொல்லே வங்காளத்தில் ‘காந்தா’ என்று வழங்குகிறது. கிழிந்த புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலைக்கொண்டே பெண்கள் தைக்கும் மெல்லிய போர்வை அது. கந்தையைக் கசக்கிக் கட்டச் சொன்ன நம் முன்னோர் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குல்னாப் பகுதியைச் சேர்ந்த மானதாசுந்தரி தாசி என்பவர் தம் தந்தைக்காக ஒரு காந்தாவைத் தைத்து, அதிலேயே தம் பெயரையும் ஊசியால் எழுதி வைத்தார். தெய்வங்களுக்கு அருகே பிரிட்டிஷ் சிப்பாய்களும் அதில் நிற்கிறார்கள். அவர் நாள்தோறும் கண்டது அந்த அரசு. ஆகவே அது போர்வையிலும் இடம்பெற்றது. சிவில் சர்வீஸ் அதிகாரியாக இருந்து நாட்டுப்புறக் கலைப்பொருள்களைச் சேகரித்த குருசதய் தத் அதைக் காப்பாற்றினார். அவர் 1941-இல் காலமானார். ஆறாண்டில் குல்னா வேற்று நாடாயிற்று. காந்தா மட்டும் கல்கத்தாவுக்கு அருகே ஜோகாவில், அவர் பெயரால் அமைந்த காட்சிச்சாலையின் சொத்தாக இந்தியாவில் நின்றுவிட்டது. தத் அதை வாங்காதிருந்தால், தந்தையார் போர்த்திக்கொண்டிருப்பார், நமக்குக் கிடைத்திராது. எது நல்லது என்று தீர்ப்புச் சொல்ல நம்மால் இயலவில்லை.

வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்திகள், போர்த்துகீசியக் காலத்தில் கோவா வழியாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுடைய பெண்கள் ‘கவந்த்’ என்னும் போர்வையைத் துணித்துண்டுகளால் ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தைப்பார்கள். நான்கு மூலையிலும் ‘பூ’ என்ற முக்கோணத் துண்டை வைக்காவிட்டால் போர்வை ஆடையின்றி நிற்பதாகச் சொல்வது அவர்கள் வழக்கம். பீகாரில் முசப்பர்பூர் மாவட்டத்துப் பூசுரா கிராமத்திலோ, பிறந்த குழந்தைக்குப் பழம்புடவையால் தைக்கும் ‘சுஜனி’ 1988 முதல் புத்துயிர் பெற்றது. வரதட்சிணையும் பெண்சிசுக் கொலையும் அதில் சித்திரங்களாயின. அந்தப் பணியில் முன்னின்ற நிர்மலா தேவிக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இங்கே போர்வை, சரித்திரத்தின் சாட்சியாக மட்டும் நிற்காமல் வழக்கும் தொடுக்கிறது. விற்பனைக்காகவே தைக்கும்போது பழம்புடவை போய்ப் புதுத் துணி வந்துவிட்டதே என்று சிலர் குறைப்படுகிறார்கள். தைப்பவர்களின் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமாதலால் நாம் அந்தக் குறையைப் பெரிதுபடுத்தவில்லை.

டில்லிவாசிகள் கந்தைத் தையலின் அழகைக் காணப் பிரகதி மைதானத்தை அடுத்த தேசியக் கைவினைக் காட்சிச்சாலைக்குப் போகலாம். நூல் நிறம் மங்காதிருக்கத் துணிகளை அங்கே மெல்லிய ஒளியில் வைத்திருப்பார்கள். வெளியே வந்தால் சாலைக்கு அப்பால் தெரியும் பெருமதில் புராணா கிலா. 1947-இன் குளிரில் மக்கள் ஒண்டியிருந்த இடம் அது. இப்பொழுது அங்கே புல்வெளி இருக்கிறது. தை மாதத்து நண்பகலில் குடும்பங்கள் வெயில் காய வருகின்றன.